வந்த கடிதத்துக்கு யார் பொறுப்பு?

நீண்ட பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். படிக்காமலே கீழே வந்து "சூப்பர் மிஸ்" என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு அலுவலகத்தின் ஃபேக்ஸ் எண் கேட்டேன். அவ்வளவுதான். "அத்தை, இன்னும் ஃபேக்ஸ் காலத்துலயே இருக்கீங்களா?" என்று சிறுசேரியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஆரம்பித்தான். அதற்குப் பதினேழு சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் கணினித் துறையில் இருப்பவர்கள். அதனால்தான் அங்கே பதில் சொல்லாமல், எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

ஃபேக்ஸ் நீடூழி வாழ வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அது போகட்டும். ஆனால் ஒரு அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் அந்த அலுவலகத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். எப்போது வந்தது, எத்தனை பக்கம் வந்தது, யார் கைக்குப் போனது என்பது ஒரு ஆளை நம்பி இல்லாமல் பதிவாகி இருக்க வேண்டும். இதை முப்பது வருடங்களுக்கு முன்பே, காசு வாங்காமல், யூனிக்ஸ்காரர்கள் செய்து வைத்துவிட்டார்கள். நாம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டது அதைவிட மோசமான ஒன்று. இதுதான் என் வழக்கு.

முதலில் ஒரு செய்தியை நினைவுபடுத்துகிறேன். அன்றைக்கும் இப்படித்தான் நாடே சிரித்தது.

2018 நவம்பர் 21. ஜம்மு காஷ்மீரில் ஆளுநர் ஆட்சி. 87 இடங்கள் கொண்ட சட்டசபை கலைக்கப்படாமல் முடங்கிக் கிடந்தது. ஆளுநர் சத்யபால் மாலிக். அன்று மாலை மெஹபூபா முஃப்தி, தேசிய மாநாட்டுக் கட்சியும் காங்கிரசும் ஆதரவு தருவதாகவும், தம் பக்கம் 56 உறுப்பினர்கள் இருப்பதாகவும் கடிதம் எழுதி ராஜ்பவனுக்கு ஃபேக்ஸ் அனுப்பப் பார்த்தார். போகவில்லை. கடிதத்தைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். அதே மாலை சஜ்ஜாத் லோனும் ஆட்சி அமைக்க உரிமை கோரினார். ஃபேக்ஸ் வேலை செய்யவில்லை என்று சொல்லி, ஆளுநரின் உதவியாளருக்கு வாட்ஸ்அப்பில் கடிதத்தை அனுப்பியதாகச் சொன்னார். அன்று இரவே சட்டசபை கலைக்கப்பட்டது. மறுநாள் ஆளுநர் தந்த விளக்கம்: மிலாது நபி விடுமுறை, அலுவலகத்தில் ஆள் இல்லை. ஃபேக்ஸ் வந்திருந்தாலும் தம் முடிவு மாறியிருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த மக்கள் மறுபடி சட்டசபைக்கு ஓட்டுப் போட்டது 2024-இல். அதற்குள் அது மாநிலமாகவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு ஃபேக்ஸ் பெட்டிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அரசியல் அரசியல்தான். ஆனால் "கடிதம் எனக்கு வரவில்லை" என்று ஒரு மாநிலத்தின் மிக உயர்ந்த அலுவலகம் சொல்ல முடிந்தது. அது உண்மையா இல்லையா என்று ஒரு குடிமகனும் சரிபார்க்க முடியவில்லை. பெட்டி எந்த அறையில் இருந்தது, மின்சாரம் இருந்ததா, தாள் இருந்ததா, மணி அடித்ததா, எதற்கும் பதிவு இல்லை. இன்னொரு கடிதம் ஒரு உதவியாளரின் கைப்பேசிக்குப் போனது. அதற்கும் அதே கதிதான்.

சிரித்தவர்கள் எல்லோரும் பெட்டி பழசு என்று சிரித்தார்கள். பெட்டிக்குப் பொறுப்பாளி இல்லை என்று ஒருவரும் கோபப்படவில்லை.

சரி, ஃபேக்ஸ் எப்படி வேலை செய்கிறது? எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ., ஃபேக்ஸ், ஜெராக்ஸ் என்று மஞ்சள் போர்டு போட்ட கடைகள் தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. அனுப்பும்போது கீச்சென்று ஒரு சத்தம் கேட்குமே, அது வெறும் சத்தமில்லை. அனுப்பும் கருவி 1100 ஹெர்ட்ஸில் விட்டுவிட்டுக் கூப்பிடும். எடுக்கும் கருவி 2100 ஹெர்ட்ஸில் பதில் சொல்லும். (முதல்வர் உதவி மையத்தின் எண்ணும் 1100. அது தற்செயல்.) பிறகு என்ன வேகம், என்ன நுணுக்கம் என்று இரண்டும் பேசி முடிவு செய்யும். ஒரு பக்கம் போய்ச் சேர்ந்ததும், "வந்தது, அடுத்ததை அனுப்பு" என்று எதிர்முனை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த ஒப்புதல் உண்டு. 1980-இல் வகுத்த உலகப் பொது விதி இது. ஆகவேதான் எந்த நாட்டுக் கருவியும் எந்த நாட்டுக் கருவியோடும் பேசியது.

கடைக்காரர் கடைசியில் ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். தேதி, நேரம், எண், பக்கம், முடிவு. அந்தச் சீட்டை விண்ணப்பத்தின் பின்னால் குத்தி வைப்போம். ஏழைக்கும் கையில் ஒரு அத்தாட்சி இருந்தது.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, கருவி வாங்கிக்கொண்டது என்பதற்குத்தான் அத்தாட்சி. மனிதர் வாங்கிக்கொண்டார் என்பதற்கு இல்லை. இரண்டு, பல அலுவலகங்களில் இருந்தது வெப்பத்தாள் கருவி. வெயில் பட்டால் எழுத்து வெளுத்துப் போகும். "ஃபேக்ஸ் வந்தா முதல்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்து வை" என்று தலைமை எழுத்தர்கள் சொன்னது அதற்காகத்தான்.

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்த மென்பொருளின் பெயர் ஹைலாஃபேக்ஸ். 1990-களின் தொடக்கத்தில் சாம் லெஃப்லர் என்பவர் எழுதியது. பெர்க்லி யூனிக்ஸ் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். ஃப்ளெக்ஸ்ஃபேக்ஸ் என்று முதலில் பெயர் வைத்து, பிறகு மாற்றினார்கள். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஓடும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். விலை கிடையாது.

அது செய்த வேலை இதுதான். தனி அறையில் பூட்டிக் கிடக்கும் பெட்டியை எடுத்துவிட்டு, ஒரு கணினியில் மோடம் பொருத்தி, அலுவலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் அதைப் பொதுவாக்கியது. அவரவர் மேசையிலிருந்தே அனுப்பலாம். வருவது உரியவர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2000-களின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் ஒரு அறக்கட்டளைக்கு மாலை வேளைகளில் கணக்குப் பார்க்கப் போவேன். பெயர் வேண்டாம். மூன்று அறை, ஒரு தொலைபேசி இணைப்பு. ஃபேக்ஸ் பெட்டி செயலாளர் அறையில். அவர் அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால், நன்கொடையாளர் அனுப்பிய கடிதம் பூட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். உதவித்தொகைக்குக் காத்திருக்கும் பிள்ளை வாசலில் நிற்கும்.

உங்களில் ஒருவன்தான் வந்து சரி செய்தான். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். மூலையில் கிடந்த பழைய கணினி, வெளியே வைக்கும் மோடம் ஒன்று. கணினிக்குள்ளேயே இருக்கிற மலிவு மோடம் வேண்டாம் என்றான். அவற்றில் பல, விண்டோஸ் இல்லாமல் வேலை செய்யாதவை. லினக்ஸ் போட்டான். அப்புறம் ஃபேக்ஸ்செட்டப் என்று ஒரு கட்டளை. அது வரிசையாகக் கேள்வி கேட்டது, நான் பதில் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். நாட்டுக் குறியீடு? 91. ஊர்க் குறியீடு? 44. வெளியூருக்கு முன்னால் என்ன? 0. வெளிநாட்டுக்கு? 00. உங்கள் எண் என்ன? எத்தனை மணி அடித்தால் எடுக்க வேண்டும்? இவ்வளவுதான் கேள்விகள். எட்டாம் வகுப்புப் பிள்ளை பதில் சொல்லிவிடும்.

உள்ளே மூன்று வேலையாட்கள் இருப்பதாக எனக்கு விளக்கினான். ஃபேக்ஸ்கெட்டி என்பவர் வாசல் காவலாளி. தொலைபேசி இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்து, மணி அடித்தால் எடுப்பார். ஃபேக்ஸ்கியூ என்பவர் வரிசை பார்ப்பவர். யார் எதை அனுப்பச் சொன்னாலும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புவார். எதிர்முனை பிஸியாக இருந்தால் விட்டுவிடாமல் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயல்வார். எச்ஃபேக்ஸ்டி என்பவர் கவுண்டரில் உட்காருபவர். மற்ற கணினிகள் 4559 என்ற வாசல் எண்ணில் வந்து இவரிடம்தான் கொடுக்க வேண்டும். யார் வரலாம் என்ற பட்டியல் ஒரு கோப்பில் இருக்கும். பட்டியலில் இல்லாதவருக்கு அனுமதி இல்லை.

விண்டோஸ் வைத்திருந்தவர்களின் கணினியில் ஒரு சின்ன நிரல் போட்டான். அச்சடிப்பது போலக் கொடுத்தால் ஃபேக்ஸாகப் போய்விடும். அனுப்பி முடித்ததும் "போய்ச் சேர்ந்தது" என்றோ "முடியவில்லை, காரணம் இது" என்றோ அனுப்பியவருக்கு அஞ்சல் வரும்.

வருகிற ஃபேக்ஸ் ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு படக்கோப்பாக விழும். வெளுக்காது. உடனே ஒரு சிறு நிரல் ஓடி அதைப் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பும். யாருக்கு என்பதை நாமே எழுதி வைக்கலாம். நாங்கள் செயலாளர், பொருளாளர், அலுவலகப் பெண் என்று மூன்று பேருக்கும் போட்டு வைத்தோம். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் மற்ற இருவருக்கு இருக்கும். "எனக்கு வரலை" என்று யாரும் சொல்ல முடியாது. அதோடு ஒரு பேரேடு. வந்தது, போனது எல்லாம் வரிக்கு வரி: தேதி, நேரம், எந்த எண், எத்தனை பக்கம், எவ்வளவு நேரம். கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிட அழகான பொருள் வேறென்ன இருக்கிறது?

தமிழ் டீச்சருக்குப் பிடிக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஃபேக்ஸில் மேலிருந்து கீழாக ஒரு அங்குலத்துக்குச் சுமார் 98 கோடுதான். சின்ன எழுத்தில் அடித்த தமிழை அனுப்பினால் புள்ளி காணாமல் போகும். ண, ன சுழி ஒட்டிக்கொள்ளும். 'பக்கம்' 'பககம' ஆகிவிடும். நுணுக்க முறை என்று ஒன்று உண்டு, அதில் இரண்டு மடங்கு கோடு. பெட்டியில் அந்தப் பொத்தானை அழுத்த யாருக்கும் நினைவிருக்காது. இதில் ஒரு தடவை எழுதி வைத்தோம், அதற்குப் பிறகு எல்லாக் கடிதமும் புள்ளியோடு போனது.

மின்சாரம் போனால்? போனால் ஃபேக்ஸ் எடுக்காது. அனுப்பியவருக்கு "பதில் இல்லை" என்று தெரிந்துவிடும், மறுபடி முயல்வார். இதை நன்றாகக் கவனியுங்கள். அந்த ஏற்பாடு தோற்றாலும் சத்தம் போட்டுத் தோற்கும். அனுப்பியவரை ஏமாற்றாது.

இனி இப்போதைய நிலைக்கு வருகிறேன்.

எங்கள் நாவலூர் பக்கத்தில் மழைநீர் வடிகால் பிரச்சினை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்துத் தெரு குடியிருப்போர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மழைக்கு முன்னால் ஒரு அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனோம். வாங்கி முத்திரை போட்டுத் தர வேண்டிய இடத்தில் இருந்தவர், "எதுக்கும்மா பேப்பர், இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்றார். அது அவருடைய சொந்தக் கைப்பேசி எண். அனுப்பினோம். நீலக் கோடு விழுந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனால் அந்த நாற்காலியில் வேறொருவர். "அவர் மாறிப் போயிட்டாரே, அவர்கிட்டதான் இருக்கும்" என்றார். மனு எங்கே? மாறிப்போனவரின் சட்டைப் பையில். அவருடைய பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கும் காலை வணக்கப் பூக்களுக்கும் நடுவில் நாற்பது குடும்பங்களின் மனு இருக்கிறது. தெருவில் தண்ணீர் நிற்கிறது.

இதை முன்னேற்றம் என்கிறீர்களா? பேரேடு இல்லை, வரிசை எண் இல்லை, இரண்டாவது ஆள் இல்லை. ஆள் மாறினால் அலுவலகத்தின் நினைவே மாறிப் போகிறது. கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் ஒரு வருடத்துக் கடிதங்கள் போச்சு. ஒரு பெண் தன் சொந்த விஷயத்தைப் பற்றிப் புகார் கொடுக்கிறாள் என்றால், அது யாரோ ஒருவரின் வீட்டு மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் யார் யார் பார்ப்பார்கள்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதில் 13-ஆம் பிரிவைப் படியுங்கள். வேறு உடன்பாடு இல்லையென்றால், பெறுபவர் "இந்த இடத்துக்கு அனுப்புங்கள்" என்று ஒரு கணினி வசதியைக் குறித்துச் சொல்லியிருந்தால், அதற்குள் நுழைந்த நொடியே கடிதம் பெறப்பட்டதாகக் கணக்கு. குறிப்பிடாத வேறொரு இடத்துக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்க்கும்போதுதான் பெறப்பட்டதாகக் கணக்கு. எழுத்தரின் சொந்தக் கைப்பேசியை எந்த அலுவலகமும் எழுத்தில் குறித்துக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. அப்படியானால் "நாங்கள் பார்க்கவே இல்லை" என்று அவர்கள் சொல்ல வழி இருக்கிறது. காலக்கெடு உள்ள விஷயத்தில் நஷ்டம் யாருக்கு? அனுப்பியவருக்கு. நாற்காலியில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது.

வடிகாலாவது பரவாயில்லை. ஒரு மனிதனின் விடுதலையே இப்படித் தொங்கியிருக்கிறது. 2021 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆக்ரா மத்தியச் சிறையில் இருந்த 13 பேருக்கு ஜாமீன் கொடுத்தது. உத்தரவு வந்து சேரவில்லை என்று நாட்கணக்கில் உள்ளேயே வைத்திருந்தார்கள். நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. செய்தி கொண்டுவரும் புறாவுக்காக இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமா என்ற பொருளில் அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா கேட்டார். அதன் பிறகு வந்ததுதான் 'ஃபாஸ்டர்' என்ற ஏற்பாடு. 2022 மார்ச் 31 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. உத்தரவு மின்வழியில் கையொப்பத்தோடு போகும். போகிற இடம் இன்னார் என்று முன்கூட்டியே குறிக்கப்பட்ட அதிகாரிகளின் அலுவல் முகவரி.

பாருங்கள், உச்ச நீதிமன்றமே கடைசியில் வந்து நின்ற இடம் எது? குறித்துச் சொன்ன முகவரி, பொறுப்பான ஆள், பதிவு. தாம்பரத்து அறக்கட்டளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கணினியில் வைத்துக் கொடுத்ததும் இதே மூன்றுதான்.

இனி உங்கள் மறுப்புகள். எனக்கே தெரியும், எழுதும்போதே காதில் விழுகிறது.

"மிஸ், இப்போ ஃபேக்ஸே போகாதே." உண்மை. செம்புக் கம்பி இணைப்புகள் குறைந்துவிட்டன. ஃபைபரில் வரும் தொலைபேசியில் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகள் உண்டு. மனிதப் பேச்சுக்கு அது போதும், மோடத்தின் பேச்சைச் சிதைத்துவிடும். இதற்காகவே டி.38 என்ற விதியை 1998-இல் வகுத்தார்கள். ஹைலாஃபேக்ஸையும் அதற்கு ஏற்ப இணைக்க வழி இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் செய்து கொள்ளட்டும். நான் கேட்பது ஃபேக்ஸ் வைத்துச் செய்த பொது ஏற்பாட்டை, மின்னஞ்சலுக்கும் இணைய மனுவுக்கும் செய்யுங்கள் என்பதே.

"இங்கிலாந்தில் தடையே போட்டுவிட்டார்கள்." ஆமாம். அங்கே அரசு மருத்துவத் துறை 2019 ஜனவரியிலிருந்து புதிய ஃபேக்ஸ் கருவி வாங்கக் கூடாது, 2020 மார்ச் 31-க்குள் ஒழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஆனால் பதிலுக்கு என்ன சொன்னார்கள் என்றும் படியுங்கள். பாதுகாப்பான மின்னஞ்சலுக்கு மாறுங்கள் என்றார்கள். நர்ஸம்மாவின் சொந்தக் கைப்பேசிக்கு மாறுங்கள் என்று சொல்லவில்லை.

"ஃபேக்ஸ் பாதுகாப்பானதா?" முழுக்க இல்லை. தாளின் மேல் அச்சாகும் எண் அனுப்புபவர் தாமே இட்டுக்கொள்வது, பொய்யாகவும் இடலாம். ஹைலாஃபேக்ஸையும் அலுவலக வலைக்குள் மட்டும் வைக்க வேண்டும், இணையத்தில் திறந்து போடக் கூடாது. குறைகள் இவை. ஆனால் இவை என்ன குறை என்று நமக்குத் தெரியும், எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவரின் கைப்பேசியில் என்ன செயலி இருக்கிறது, யார் கடவுச்சொல் தெரிந்தவர் என்பது யாருக்காவது தெரியுமா?

"லினக்ஸ் எல்லாம் நம்ம ஆளுங்களுக்கு வராது." இதைக் கேட்டால்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு தேசிய வள மையம் தொடங்கின. அந்த முயற்சியில் வந்ததுதான் பாஸ் லினக்ஸ். ஆக, லினக்ஸ் உங்களுக்கு அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை, மின்சார ரயிலில் வந்துவிடும். எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது தன் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் என் பதிவில் நிறைய பேர் இருக்கிறீர்கள். எத்தனை பேர் அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். பக்கத்தில் கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினிப் பாடம் படிக்கிறார்கள். அவர்களுக்கு வந்தது நம் பிள்ளைகளுக்கு வராதா? மத்திய அரசே 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று கொள்கை வெளியிட்டது. கொள்கை இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். இல்லாதது மனசு.

"ஃப்ரீயா வந்ததுக்கு யார் மிஸ் பொறுப்பு?" இது நியாயமான கேள்வி. விலை கொடுத்து வாங்கினால் கம்பெனியைக் கேட்கலாம் என்கிறீர்கள். சரி, ஜம்முவில் யாரைக் கேட்டார்கள்? ஃபேக்ஸ் பெட்டி தயாரித்த கம்பெனியையா? வாட்ஸ்அப்பில் மனு காணாமல் போனால் மெட்டா கம்பெனி வந்து நிற்குமா? பொறுப்பு மென்பொருளோடு விலைக்கு வராது. அதை வைத்துப் பராமரிக்கும் ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். ஹைலாஃபேக்ஸ் நிறுவும்போதே "ஃபேக்ஸ்மாஸ்டர் யார்?" என்று கேட்கும். ஏதாவது கோளாறு என்றால் அந்த முகவரிக்குத்தான் தகவல் போகும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பதற்குத்தான் நம் அலுவலகங்கள் கைப்பேசிக்குள் ஒளிந்துகொண்டன என்பது என் எண்ணம். பதிவு இருந்தால் கேள்வி வரும். பதிவு இல்லாவிட்டால் நிம்மதி.

ஆகவே ஆளுக்கு ஒரு வேலை சொல்கிறேன்.

அரசு வேலையில் இருக்கிற பிள்ளைகளே: உங்கள் மேசைக்கு வரும் மனுவைச் சொந்த எண்ணில் வாங்காதீர்கள். மேலதிகாரி சொன்னாலும் "அலுவலக முகவரிக்கு அனுப்பச் சொல்லலாமா சார்?" என்று ஒரு தடவை கேளுங்கள். அந்த முகவரியை இரண்டு பேராவது பார்க்கும்படி வையுங்கள். வாங்கினால் ஒரு எண் கொடுங்கள். 1100-க்குப் புகார் சொன்னால் எண் தருகிறார்களே, அதுபோல. அந்த எண்தான் மக்களுக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதை.

மருத்துவமனை, பள்ளி, சங்கம், அறக்கட்டளை நடத்துகிறவர்களே: உங்களுக்கு வரும் கடிதம் எங்கே விழுகிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஒரே ஒருவரின் கைப்பேசியிலா? அவர் நாளைக்கு வேலையை விட்டால்? அதற்குப் பதில் இல்லையென்றால் உங்களிடம் அலுவலகம் இல்லை, ஒரு ஆள்தான் இருக்கிறார்.

சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் தரமணியிலும் உட்கார்ந்து வெள்ளைக்காரன் கம்பெனிக்கு வரிசையும் பேரேடும் எழுதிக் கொடுக்கிற பிள்ளைகளே: உங்கள் கம்பெனியில் ஒரு வேண்டுகோள் வந்தால் அதற்கு டிக்கெட் எண் இல்லாமல் யாராவது தொடுவீர்களா? அந்த ஒழுக்கம் ராஜீவ் காந்தி சாலையைத் தாண்டி உள் தெருவுக்கு வர ஏன் இத்தனை வருடம்? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். உங்கள் தெருச் சங்கத்துக்கோ, படித்த பள்ளிக்கோ ஒரு பொது அஞ்சல் முகவரி, ஒரு வரிசை, ஒரு பேரேடு வைத்துக் கொடுங்கள். எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினி போதும்.

மனு கொடுக்கிறவர்களே, அதாவது நாம் எல்லோரும்: "வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்றால் அனுப்புங்கள், சண்டை வேண்டாம். ஆனால் அதோடு நிற்காதீர்கள். தபாலில் ஒரு பிரதி, அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி. ஒப்புதல் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வடிகால் மனுவை இந்த வாரம் அப்படித்தான் மறுபடி அனுப்பியிருக்கிறோம்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கமெண்டில் எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள். உறவுகளும் எழுதலாம், கோபிக்க மாட்டேன். ஹைலாஃபேக்ஸையோ அதுபோன்ற பொது அஞ்சல் ஏற்பாட்டையோ எங்காவது வைத்து நடத்தியவர்கள் இருந்தால், அதில் என்ன சிக்கல் வந்தது என்று அவசியம் சொல்லுங்கள். பலருக்கும் பயன்படும். பகிர விரும்புகிறவர்கள் கேட்காமலே பகிரலாம்.

அன்புடன்,
உங்கள் மிஸ், நாவலூரிலிருந்து.